ராத்திரி எங்கே படுக்கிறோம்?

மாடி வீட்டு மாமி நேபாளத்து முக்திநாத் போய் வந்து மூன்று வருடம் ஆகிறது. எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "பெருமாளைப் பார்த்ததைவிட வாளியைப் பார்த்ததுதான் அதிகம்" என்பார். காலையில் போகராவில் விமானம் ஏறி இருபது நிமிடத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப், மத்தியானத்துக்குள் கோயில், ராத்திரி கோயிலுக்குக் கீழேயே ஒரு லாட்ஜில் தங்கல். எட்டு மணிக்குத் தலைவலி, பத்து மணிக்கு வாந்தி. கண் அசந்தால் மூச்சு நின்று நின்று வருகிற மாதிரி இருக்க, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, விடியும்வரை சுவரில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறார். மறுநாள் ஜீப் கீழே இறங்க இறங்க, யாரோ தலையிலிருந்து கழற்றி எடுத்த மாதிரி வலி போய்விட்டதாம்.

இந்தக் கதையைப் பலமுறை சிரித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறேன், இந்த வருடம் அப்பா தன் டைரியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்காரும்வரை.

அப்பாவின் டைரியில் திவ்யதேசக் கணக்கு இருக்கிறது. 108-ல் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகிற இடங்கள் இல்லை, மிச்சம் 106. அதில் இந்தியாவுக்கு வெளியே ஒன்றே ஒன்று, நேபாளத்தில் இருக்கும் திருச்சாளக்கிராமம் என்கிற முக்திநாத். "முட்டி ஒத்துழைக்கிற வரைக்கும்தான்" என்றார் அப்பா. வயது 68, அம்மாவுக்கு 63. இரண்டு பேரும் இதுவரை நாட்டைத் தாண்டியதில்லை, அதிகபட்சம் ஏறியது ஊட்டி. திருமங்கையாழ்வார் தன் நெஞ்சைப் பார்த்து, சாளக்கிராமத்தைப் போய்ச் சேர் என்று பாடியிருக்கிறார். நெஞ்சு போய்ச் சேர்ந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குள்ளே இருக்கிற நுரையீரலை நினைத்தால்தான் கவலை.

முதலில் நானும் எல்லோரையும் போல ஒரு டூர்க்காரருக்குத்தான் போன் செய்தேன். ஆறு நாள் பயணம், மூன்று வேளையும் தென்னிந்தியச் சாப்பாடு, கூடவே சமையல்காரர் வருவார், காபி உண்டு. மெனுவை மட்டும் பத்து நிமிடம் சொன்னார். போகராவில் காலை எழுந்து அன்று ராத்திரியே முக்திநாத்தில் படுக்கை என்று திட்டத்தில் இருந்தது. மாமி போன அதே வழி. உயரம் பற்றிக் கேட்டேன். "ஒண்ணும் ஆகாது சார், கற்பூரம் கையில வெச்சுக்கோங்க, மோந்து பார்த்தா சரியாயிடும்." கற்பூர வாசனை மூக்குக்கு இதமாக இருக்கலாம், ரத்தத்தில் ஆக்சிஜனை அது ஏற்றாது. அப்போதே அந்த நம்பரை விட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அந்த ஆள் மேல் கோபம்கூட வரவில்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் சாம்பார் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள், அவரும் சாம்பாருக்குப் பதில் தயார் செய்து வைத்திருக்கிறார்.

உயரங்களை மீட்டரில் படித்தபோது எனக்கே ஒன்றும் உறைக்கவில்லை, நமக்குத் தெரிந்த மலைகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. போகரா 820 மீட்டர் சொச்சம், ஏறக்குறைய நம் திருமலை. காட்மாண்டு 1,400, ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. இதுவரை பிரச்சினையே இல்லை. ஆனால் விமானம் இறங்குகிற ஜோம்சோம் 2,740 மீட்டர் வாக்கில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியே 2,637தான். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனமுடிச் சிகரம் 2,695. அதாவது, ஆனமுடியின் உச்சியைவிட உயரமான இடத்தில் விமானத்திலிருந்து பெட்டியோடு இறங்குகிறோம், இறங்கி அங்கிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் செங்குத்தாக மேலே போகிறோம். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். அப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் டைரியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே காற்றில் ஆக்சிஜன் கம்மி என்று எல்லோரும் சொல்கிறோம். விகிதம் மாறுவதில்லை. பெசன்ட் நகர் கடற்கரையிலும் 21 சதவீதம்தான், எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. முக்திநாத் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். இதை அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. கடைசியில் சும்மா பேச்சுவாக்கில், அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்றேன். அம்மா கையில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே வைத்துவிட்டு, "அப்போ அங்க பருப்பு வேகாதே?" என்றாள். வேகாது, குக்கர் இல்லாமல் வேகவே வேகாது. "அதான் குக்கர்ல உள்ள அழுத்தி வெக்கறோம். அங்க அழுத்தறதுக்கு ஆள் இல்லை. சரி, புரிஞ்சுது, நாம வேகாத பருப்பு." நான் இரண்டு நாள் படித்துச் சொல்ல முடியாததை ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

அழுத்தம் குறைந்த இடத்துக்கு உடம்பு பழகிக்கொள்ளும். எவரெஸ்ட் உச்சியில் கடல்மட்டத்து ஆள் ஒருவரைத் திடீரென்று கொண்டுபோய் நிறுத்தினால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். ஆனால் அதே உச்சியில் 1978-ல் மெஸ்னர், ஹாபெலர் என்கிற இரண்டு மலையேறிகள் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் நின்றுவிட்டு வந்தார்கள். வாரக்கணக்கில் ஏறி இறங்கித் தங்கிப் பழகியிருந்தார்கள். எனவே கேட்க வேண்டியது, எவ்வளவு உயரம் என்பதோடு எவ்வளவு நாளில் என்பதும்.

உடம்பு பழகுகிற விதம் ரொம்ப சுவாரஸ்யமானது. ஆக்சிஜன் குறைந்ததும் கழுத்தில் இருக்கும் உணர்கருவி மாதிரியான ஒரு சின்ன உறுப்பு அதைக் கண்டுபிடித்து வேகமாக மூச்சு விடச் சொல்கிறது. வேகமாக விட்டால் ஆக்சிஜன் கூடும், சரி, ஆனால் கூடவே கார்பன் டை ஆக்சைடும் அதிகமாக வெளியே போய்விடுகிறது, ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து காரப்பக்கம் சாய்கிறது. அதைப் பார்த்த மூளை, போதும் போதும் மெதுவாக விடு என்று பிரேக் போடுகிறது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க இன்னொருவர் பிரேக்கை மிதிக்கிற கதை. தூக்கத்தில் இந்த இழுபறி இன்னும் அப்பட்டமாகத் தெரியும், நாலு மூச்சு வேகமாக, அப்புறம் சில நொடி நிறுத்தம், திரும்ப வேகமாக. மாமிக்கு அன்றைக்கு மூச்சு நின்று நின்று வந்தது இதனால்தான் இருக்க வேண்டும். சிறுநீரகம் அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிச் சமாதானம் செய்து வைக்கும், ஆனால் அதற்குச் சில நாள் வேண்டும். அந்தச் சில நாளைத்தான் ஆறு நாள் திட்டங்கள் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் காபியைப் போடுகின்றன.

டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை உண்டு, பொதுப்பெயர் அசெட்டசோலமைட். சிறுநீரகம் செய்கிற அந்த வேலையைத்தான் சீக்கிரப்படுத்துகிறது. தெருமுனை மருந்துக்கடையில் விசாரித்தால், "யாருக்கு, கண் பிரஷருக்கா?" என்றார் கடைக்காரர். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்குக் கொடுப்பதும் இதே மாத்திரைதான். "மலைக்குப் போறதுக்கு" என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் சீட்டு எழுதி வாங்கி வரச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

எங்கள் குடும்ப டாக்டர் அப்பாவின் பழைய கோப்பைப் புரட்டி, நடுவில் ஒரு தாளில் விரலை வைத்தார். "உங்களுக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சுதே, ஞாபகம் இருக்கா?" அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, அம்மாவுக்கு இருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள் என்பதால், சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையை யோசித்துத்தான் கொடுப்பார்களாம். "எல்லாருக்கும் ஆகாதுன்னு இல்லை, ஆனா அங்க மலை மேல போய் எதுக்கு சோதிச்சுப் பார்க்கணும்? மாத்திரை கணக்குல இல்லாமலே திட்டம் போடுங்கோ." அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9.8. ஆக்சிஜனைச் சுமக்கிற வண்டியே குறைவாக இருக்கும்போது சரக்கும் குறைந்தால் எப்படி, முதலில் இதைச் சரி செய்யணும் என்று மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். போன வாரம் பார்த்ததில் 11.6.

டாக்டர் சொன்ன இன்னொன்று எனக்கு உறைத்தது. தினம் கடற்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற நான், எனக்கு ஒன்றும் ஆகாது, பெரியவர்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தேன். உடற்பயிற்சிக்கும், மாமிக்கு வந்த மாதிரியான மலைநோய்க்கும் சம்பந்தமே இல்லையாம். நன்றாக ஓடுகிற பிள்ளைகள்தான் வேகமாக ஏறிப் போய் முதலில் விழுவார்கள், வயதானவர்கள் மெதுவாக நடப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. கிளம்பும்போது, "உன்னையும் பார்த்துக்கோ" என்றார்.

ஆக, மாத்திரை இல்லாமல் திட்டம் போட வேண்டும். அப்போதுதான் மலைமருத்துவர்களின் விதி ஒன்று பிடிபட்டது. பகலில் எவ்வளவு உயரம் போனாய் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தூங்கினாய் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். தாழ்வான ஊரிலிருந்து கிளம்பி ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேல் போய்ப் படுக்காதே, 3,000-க்கு மேலே போனால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, இவ்வளவுதான் சாரம். மலைநோய் பொதுவாக மேலே போய்ப் பல மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், தூக்கத்தில் மூச்சு இறங்கும்போது மோசமாகும். கோயிலைப் பார்க்க 3,700-க்கு ஏறியே ஆக வேண்டும், ஆனால் அங்கே தூங்கியே ஆக வேண்டும் என்று எந்த ஆழ்வாரும் சொல்லவில்லையே.

நோட்டில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, ராத்திரிகளை மட்டும் எழுதினேன். காட்மாண்டுவில் இரண்டு. போகராவில் இரண்டு, விமானத்தில் வந்த அலுப்பும் முட்டி வீக்கமும் வடிய. அங்கிருந்து விமானம் வேண்டாம், ஜீப்பில் பேனி வழியாக காலோபானி, 2,530 மீட்டர், அங்கே ஒரு ராத்திரி. வழியில் தாதோபானியில் வெந்நீர் ஊற்று உண்டு, பெயருக்கே சுடுதண்ணீர் என்றுதான் அர்த்தம், அப்பா காலை நனைத்துக்கொள்ளலாம். அடுத்து மார்ஃபா, 2,670, மூன்று ராத்திரி. முதல் நாள் சும்மா இருக்க வேண்டியது, அந்த ஊர் ஆப்பிளுக்குப் பேர்போனது, தின்றுகொண்டு தெருவில் நடந்தால் போதும். அதற்கடுத்த நாள் விடிகாலை கிளம்பி முக்திநாத், சாயங்காலத்துக்குள் திரும்ப மார்ஃபா. அப்புறம் போகராவில் ஒன்று, காட்மாண்டுவில் ஒன்று, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் சமாளிக்க உபரியாக ஒன்று. மொத்தம் 11 ராத்திரி, இதில் ஒன்றுகூட ஆனமுடியைத் தாண்டவில்லை. டாக்டரிடம் இதைக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "இப்படிப் போனா மாத்திரையைப் பத்தி நாம பேசியிருக்கவே வேண்டாமே" என்றார்.

விமானத்தை விட்டதற்கு உயரம் மட்டும் காரணம் இல்லை. காளி கண்டகி ஆறு ஒருபக்கம் 8,167 மீட்டர் தௌலகிரியையும் மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவையும் வைத்துக்கொண்டு நடுவில் ஓடுகிறது. மேலே திபெத்தியப் பீடபூமி வெயிலில் சூடாக, கீழிருந்து காற்று அந்த இடுக்கு வழியாக மேல்நோக்கிப் பாய்கிறது, முற்பகல் தாண்டினால் கூழாங்கல் பறக்கும் என்கிறார்கள். அதனால்தான் ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும், அதுவும் வானம் அனுமதித்தால். 2022 மே மாதம் இதே தடத்தில் ஒரு சின்ன விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்துபோனார்கள். ஜீப் ரோடு மட்டும் பட்டுக்கம்பளமா என்றால் இல்லை, மழைக்காலத்தில் சரிந்து விழுகிற ரோடு அது. இரண்டும் ஆபத்துதான், ஆனால் ஜீப் மெதுவாக ஏறுகிறது, எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

எப்போது போவது என்பதை அம்மாவின் கொலு தீர்மானித்தது. மழை விட்ட பிறகு அக்டோபர், நவம்பர்தான் நல்ல பருவம். ஆனால் நம் நவராத்திரி சமயத்தில்தான் அங்கே தசைன், நாடே ஊருக்குக் கிளம்பும், வண்டி கிடைக்காது. நம் தீபாவளிக்கு அங்கே திகார். இரண்டும் முடிந்து நவம்பரில் போகிறோம், குளிர் கூடுதலாக இருக்கும், இருக்கட்டும்.

காகித விஷயங்கள் அதிகம் இல்லை. நமக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை எடுத்துக்கொண்டு போய் ஏர்போர்ட்டில் நிற்பவர்கள் நிறைய. 65-ஐத் தாண்டியவர்களுக்கும் 15-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு, ஆக எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஆதார் போதும், அம்மாவுக்குப் போதாது. அம்மாவின் வாக்காளர் அட்டையில் பெயரில் ஒரு எழுத்து பிசகி, போட்டோவில் இருப்பது அம்மாதானா என்று எனக்கே சந்தேகம். பேசாமல் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டோம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160. பெரிய நோட்டு வேண்டாம், நூறுகளாக எடுத்துப்போவது நிம்மதி. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் பொடி எழுத்தைப் படியுங்கள், குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே செல்லாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், ஹெலிகாப்டர் மீட்பு சேர்த்தியா என்பதும் அங்கேதான் இருக்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டருக்கு பேட்டரி போட்டாயிற்று. ஆனால் அதைப் பார்த்து மேலே யாரும் அலறக்கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறேன். கீழே 90-க்குக் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கே 80-களின் கடைசியில் காட்டினாலும் அந்த உயரத்துக்கு அது சகஜம். எண்ணைவிட ஆளைப் பார்க்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, ராத்திரியானாலும் சரி, உடனே கீழே இறங்கியே ஆக வேண்டும். இந்த நேர்கோட்டு நடையை வீட்டு டைல்ஸ் கோட்டில் பழகிப் பார்த்தோம். அம்மா சரியாக நடந்தாள், அப்பா முட்டியால் கோணினார், நான் சிரிப்பால் கோணினேன். கீழேயே யார் எப்படி நடப்பார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, மேலே போய் அப்பாவின் முட்டியை, மலைநோய் முற்றி வருகிற மூளைவீக்கம் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

பேரம் முடியாமல் நிற்பது ஒன்றே ஒன்று, குளியல். கோயிலுக்குப் பின்னால் பசுமுகம் வைத்த 108 நீர்த்தாரைகள், முன்னால் இரண்டு குளங்கள். எல்லாம் பனி உருகிய தண்ணீர். 108-லும் தலையைக் காட்டி ஓடி, குளத்தில் முழுகி எழுவதுதான் வழக்கம். அந்தக் குளிரில் அந்த உயரத்தில் ரத்த அழுத்தம் உள்ள ஒரு அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "பெருமாள் பார்த்துப்பார்" என்கிறாள். "பெருமாள் பார்த்துண்டுதான் இருப்பார், தாங்கிப் பிடிக்கப்போறது நான்" என்றேன். 108-லும் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொள்வது என்பதுவரை இறங்கி வந்திருக்கிறாள். ஒரே ஒரு தாரையிலாவது முழுசாகத் தலை நனைய வேண்டும் என்பதில் நிற்கிறாள். வெந்நீர் ஃபிளாஸ்க், மூன்று துண்டு, இரண்டு மப்ளர் என்று நானும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறேன்.

பூஜையில் பாட்டி காலத்து சாளக்கிராமம் ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் கல், உள்ளே சக்கரம். காளி கண்டகியில் கிடைக்கிற கல். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அந்த இடம் கடலாக இருந்தது, அதில் வாழ்ந்த அம்மோனைட் என்கிற ஓடுள்ள உயிரினத்தின் அச்சுதான் அந்தச் சக்கரம், பத்துக் கோடி வருடத்துக்கும் மேல் பழையது. கடலில் இருந்தது மலைமேல் ஏற அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது, நாம் பதினோரு ராத்திரிக்கு முணுமுணுக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். "அது முட்டிவலி இல்லாத கல்லுடா" என்றார்.

டிக்கெட் போட்டாயிற்று. டில்லியிலிருந்து காட்மாண்டு போகும்போது இடதுபக்க ஜன்னல், காட்மாண்டுவிலிருந்து போகரா போகும்போது வலதுபக்கம், மலை அந்தப் பக்கங்களில்தான் தெரியும். அப்பாவின் டைரியில் முக்திநாத் பென்சிலில் ஏறியிருக்கிறது, பேனா திரும்பி வந்த பிறகுதானாம்.

நேற்று மாமி படியிறங்கி வந்து நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு ராத்திரியாக விரல் வைத்துப் படித்தார். "மார்ஃபால மூணு ராத்திரியா? ஜீப்ல இன்னும் ஒரு சீட் இருக்காடா?"

இருக்கிறது என்றேன்.

"வாளி எடுத்துண்டு வரணுமா, வேண்டாமா?"